தெற்கே சொன்ன கவுளி

எனக்குக் கவுளி என்றாலே ஆகாது, மேடம். குளியலறைச் சுவரில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது போகும்வரை துண்டோடு வெளியே நிற்கிற ஆள் நான். எங்கள் விளாத்திகுளம் பக்கம் அதைப் பல்லி என்போம். திருப்பூருக்குப் பிழைக்க வந்த பிறகுதான் கவுளி என்று சொல்லப் பழகினேன். பெயர் மாறியதே தவிர அருவருப்பு மாறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முழுக்கதையும் கேட்ட பிறகு, இவன் ஏதோ கவுளியைப் பழக்கி வைத்திருந்த மலையாள மாந்திரீகன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடும்.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். முதலிபாளையத்தில் இருக்கிற எங்கள் பனியன் கம்பெனிக்கு, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லாத வெற்று மெயில்களைத் தொடர்ந்து அனுப்பியது யார் என்பது முதல் கேள்வி. முதலாளியின் அக்கா மகன் தனபால் கொடுத்த புகாரிலும் அதுதான் இருக்கிறது. போட்டிக் கம்பெனிக்காரன் யாரோ நம் மெயிலுக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து அந்தத் தம்பி உங்கள் சைபர் கிரைமுக்கு ஓடி வந்திருக்கிறார். படித்த பிள்ளை. போட்டிக்காரன் எதற்கு மெனக்கெட்டு வெற்று மெயில் அனுப்ப வேண்டும் என்று யோசித்திருக்கலாம். அனுப்பியது நான்தான். அந்த முகவரிகள் என் போனிலேயே இருப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்; இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டாவது கேள்வி புகாரில் இல்லை. நீங்களாகக் கேட்டது. எங்கள் முதலாளி ஆத்தப்பன் இன்றைக்கு வலது கையும் வலது காலும் விளங்காமல், பேச்சும் இல்லாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். டாக்டர் முன்கூட்டியே ஆபரேஷன் செய்யச் சொல்லியும் அவர் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். சித்ராதேவி மேடம், உங்களை நான் மெச்சுகிறேன். இத்தனை நாளில் அதை யாருமே கேட்கவில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், ஆனால் அதை நடுவிலிருந்து சொன்னால் நான் கெட்டவன் மாதிரித் தெரியும். அதனால் ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

எல்லாம் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு மெயிலில் தொடங்கியது. குழந்தைகள் சட்டைக்குச் சாம்பிள் கேட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பியிருந்தார்கள். நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திங்கள்கிழமை வந்து திறந்து பார்ப்பதற்குள் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. முதலாளி கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். மூலனூரில் முருங்கைத் தோட்டம் வைத்திருந்து, பிறகு தறி போட்டு, பிறகு பனியனுக்கு வந்தவர். மெயிலை நான்தான் படித்துச் சொல்வேன். அவர் தமிழில் பதில் சொல்வார். நான் அதில் இருக்கிற கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு இங்கிலீஷில் அனுப்புவேன். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "முத்து, மெயில் வந்தா என்ற காதுல உளுகோணும். என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது" என்றார்.

மெயில் வந்தால் சத்தம் கொடுக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கிப் போட்டேன். அது கெட்டிக்கார சாஃப்ட்வேர். யாரிடமிருந்து மெயில் வந்தால் என்ன சத்தம் வர வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். மிஷின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று, முதலாளி அறையிலேயே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை உயரத்தில் வைத்தேன். ஒன்று கிழக்குச் சுவர் ஓரமாக நின்ற பீரோவின் மேல். இன்னொன்று தெற்கு வாசல் நிலைக்கு மேலே, அவர்கள் குலதெய்வப் படத்துக்குப் பின்னால். ஒயர் எட்டிய இடம் அவ்வளவுதான், வேறு உள்நோக்கம் கிடையாது.

முதலில் மணிச் சத்தம் வைத்தேன். அது எங்கள் கம்பெனி டீ மணி மாதிரியே இருந்தது. மெயில் வரும்போதெல்லாம் செக்கிங் பெண்கள் டம்ளரோடு எழுந்து போய்விட்டார்கள். அதை எடுத்துவிட்டு நாய் குரைக்கிற சத்தம் வைத்தேன். வாட்ச்மேன் தடியோடு முதலாளி அறைக்குள் வந்து நின்றார். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், தூக்கிப்போட்டுப்போடு" என்று முதலாளி கத்திவிட்டு மூலனூருக்குப் போய்விட்டார். அவர் இல்லாத அன்றைக்கு, கடைசியாக ஒரு முயற்சி என்று, கவுளிச் சத்தத்தை வைத்துப் பார்த்தேன். மிஷின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்கக்கூடியது அது ஒன்றுதான். தெற்குப் பெட்டியின் ஒயர் சரியாகச் செருகாமல் இருந்ததால் கிழக்கில் மட்டும் சத்தம் வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் முதலாளி வந்தார். நான் விஷயத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே போலந்துக்காரனுடைய ஏஜென்ட் போனில் வந்துவிட்டான். சரக்கு வாங்கப்போகிற புது பையர், பெரிய ஆர்டர், முதலாளிக்குப் பயம். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எடுத்துப் பாக்கலாமா முத்து?" என்று என்னைக் கேட்டார். அந்த நொடியில் பீரோவின் மேலிருந்து சத்தம் வந்தது. ச்சிக் ச்சிக் ச்சிக்.

முதலாளி மேசையைக் கைமுட்டியால் மூன்று முறை தட்டினார். முகமெல்லாம் வெளிச்சம். "கேட்டயா? கெழக்கால சொல்லுது. எங்க அப்பாரு காலத்துலருந்து எங்களுக்கு இதுதான் வாக்கு. கெழக்கால சொன்னா கண்ண மூடிட்டு எறங்கலாம். தெக்கால சொன்னா தலகீழா நின்னாலும் ஆவாது" என்று சொல்லிவிட்டு ஆர்டரை ஒப்புக்கொண்டார். அந்த மெயில் என்னவென்று பிறகு பார்த்தேன். ஏசி சர்வீஸ் கம்பெனி விளம்பரம்.

சொல்ல வாயெடுத்தேன், மேடம். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அந்த ஆர்டரும் நல்லபடியாகப் படிந்துவிட்டது. நடந்து முடிந்த நல்லதைக் கெடுத்து என்ன புண்ணியம்? சாயங்காலம் அவர், "அந்த மெயில் சத்தத்த என்ன பண்ணுன?" என்று கேட்டபோது, "நிப்பாட்டியாச்சு மொதலாளி. இனிமே நானே பாத்துச் சொல்லிருதேன்" என்றேன். அது பாதி உண்மை. மற்ற எல்லாருடைய மெயிலுக்கும் சத்தத்தை நிறுத்திவிட்டேன். எல்லாவற்றுக்கும் கத்தினால் கவுளிக்கு மரியாதை இருக்காது. புதிதாக நானே இரண்டு மெயில் முகவரி உண்டாக்கினேன். ஒன்றிலிருந்து மெயில் போனால் கிழக்குப் பெட்டி மட்டும் சொல்லும். இன்னொன்றிலிருந்து போனால் தெற்கு. மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். மெயிலுக்குள் ஒன்றும் எழுத மாட்டேன். எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

ஏன் செய்தாய் என்று உங்கள் புருவம் கேட்கிறது. சொல்கிறேன். அந்தக் கம்பெனியில் எனக்குத் தெரியாத மூலை கிடையாது. ஆனால் என் வாயிலிருந்து வந்த ஒரு யோசனையையாவது முதலாளி கேட்டதில்லை. "நீ தெக்கத்திக்காரன், உனக்கு என்றா தெரியும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட வலித்திருக்காது. அவர் சொந்தக்காரர்கள் வந்தால் நாற்காலியைக் காலி செய்துவிட்டு நான் நிற்க வேண்டும். அதே ஆள், நான் சொன்ன அதே சொல்லைக் கவுளி சொன்னால் எழுந்து நின்று கேட்டார். இந்த வித்தியாசம் உங்களுக்கு நேர்ந்திருந்தால் நீங்களும் கவுளியைத்தான் அனுப்பியிருப்பீர்கள்.

முதலில் செய்ததெல்லாம் நல்லதுதான். போய் விசாரித்துப் பாருங்கள். துணி தேய்க்கிற அயனிங் பகுதியில் வெயில் காலத்தில் பெண்கள் மயங்கி விழுவார்கள். "காத்தாடி போடணும் மொதலாளி" என்று நான் கேட்டுக் கேட்டு நாக்குத் தேய்ந்துவிட்டது. "சித்திர போனா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்பார். ஒரு நாள் கேட்டுவிட்டுக் கிழக்கே தட்டினேன். "போட்டுப்போடு, நாளைக்கே போட்டுப்போடு" என்றார். கழிவறைக்குக் கதவு வந்தது. பீகார்ப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வந்தது. ஆயுத பூஜைக்கு மைக் பிடித்துப் பக்திப் பாட்டுப் பாடப் போவதாக முதலாளி சொன்னபோது தெற்கே ஒரு தட்டு. அதற்காகவே மொத்தக் கம்பெனியும் எனக்குக் கடமைப்பட்டிருக்கிறது. நீங்கள் அவர் பாடிக் கேட்டதில்லை.

எனக்காக என்று கேட்டது ஒரே ஒரு தடவைதான். என்னை ஜெனரல் மேனேஜர் ஆக்கலாமா என்று அவர் மனைவி பெரியாத்தாள் அம்மாவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மாள், "அவுரு நம்ம ஆளு இல்லீங்களே" என்று இழுத்தார்கள். கிழக்கே சொல்லிற்று. அதோடு சரி. பிறகு நாற்காலி மாற்றும்போது ஒரு தடவை, என் பைக்குக்குப் பதிலாகக் கார் வந்தபோது ஒரு தடவை. அவையெல்லாம் ஒரே விஷயத்தின் கிளைகள் என்பதால் நான் அவற்றைத் தனியாகச் சேர்ப்பதில்லை.

தனபால் தம்பி வந்தது அப்போதுதான். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு, லேப்டாப் பையை மார்பில் போட்டுக்கொண்டு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் காலத்துல மெயில் பாக்கறதுக்குன்னு ஒராளுங்களா? எல்லாத்தையும் உங்க போன்லயே போட்டுத் தந்தறனுங்க" என்றார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தத் தம்பிமேல் கோபமில்லை, வருத்தம்தான். தெற்கே தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, மூலனூர் முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் தம்பியை அனுப்பலாமா என்ற பேச்சை நானே மெல்ல எடுத்துக் கொடுத்தேன். கிழக்கே தட்டினேன். சந்தையில் முருங்கைக்காய்க் கட்டு ஏலம் விடுகிற இடத்தில் தம்பி இன் பண்ணிய சட்டையோடு நின்றதாக லாரிக்காரர் வந்து சொன்னார். வெளிக்காற்று உடம்புக்கு நல்லது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மழைக்காலத்தில் நிஜக் கவுளி ஒன்று அறைக்குள் வந்துவிட்டது. புது நிட்டிங் மிஷின் வாங்கலாம் என்று நான் கிழக்கே சொன்ன மறு நிமிடம், அது தெற்குச் சுவரிலிருந்து சொன்னது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விவரம் தெரியாத ஜந்து, பனியன் தொழிலில் மூக்கை நுழைக்கிறது. முதலாளி அன்று முழுவதும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாளே ஜன்னல் இடுக்கெல்லாம் முட்டை ஓடு செருகி, மயில் இறகு கட்டித் தொங்கவிட்டு, பூச்சி மருந்துக்காரனையும் வரவழைத்தேன். ஓர் உறைக்குள் இரண்டு கத்தி இருக்கலாகாது. அதன் பிறகு அந்த அறையில் வாக்குச் சொல்ல என் கவுளி மட்டும்தான் இருந்தது.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முதலாளி முடிவெடுப்பதையே விட்டுவிட்டார். முதலில் ஆர்டருக்கு மட்டும் கேட்டவர், பிறகு எந்த லாரியில் சரக்கு ஏற்றுவது, மத்தியானம் ரசமா மோரா என்பதற்கெல்லாம் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். நான் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, நூல் லாரியை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். பெரியாத்தாள் அம்மா எனக்கு போன் செய்து, "அந்தக் கவுளி எங்கீங்க போச்சு, ரெண்டு நாளா வாயே தொறக்கலீங்களாம். இவுரு சோறுங்கூட உங்காம உக்காந்துட்டு இருக்கறாருங்க" என்று அழுதார்கள். முளைப்பாரிக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு போனை எடுத்துத் தட்டினேன். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பெருமையாக இருந்தது. எங்கோ ஓர் ஊரில் ஒரு பெரிய மனிதர் என் கட்டைவிரலுக்காகக் காத்திருக்கிறார். பிறகுதான் பாவமாக இருந்தது. 'ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி' என்று எங்கள் அம்மா சொல்வாள். நான் விழுந்துவிடாமல் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே முதலாளிக்கு நாக்குக் குழறியது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூளைக்குப் போகிற கழுத்து ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருக்கிறது, வந்தது ஓர் எச்சரிக்கைதான், தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கவாதம் நிச்சயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் தனபாலும் மூலனூரிலிருந்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலேயே சேரும்படி எல்லோரும் கெஞ்சினார்கள். முதலாளி கேட்கவில்லை. "ஆபீசுக்கு ஒருக்கா போயிட்டு வந்தறேன்" என்று காரைத் திருப்பச் சொல்லிவிட்டார். எதற்காக என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் நால்வரும் அறையில் இருந்தோம். முதலாளி நாற்காலியில். பெரியாத்தாள் அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார்கள். தனபால் வாசலோரம். நான் என் மேசையில். மிஷினை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார் முதலாளி. பட்டப்பகலில் அந்தக் கம்பெனி அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே அவர் பீரோவைப் பார்த்துக் கேட்டார். "சாமீ, கத்தி வெக்கோணும்ங்கறாங்க. வெச்சுக்கலாமா? ஒரு வார்த்த சொல்லு."

கிழக்கே தட்டத்தான் போனை எடுத்தேன். இது சத்தியம். அந்த மனிதர்மேல் எனக்குப் பாசம் உண்டு. அவர் என் மகளுக்குக் காதுகுத்துச் செய்து வைத்தவர். விரல் கிழக்கின் மேல்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தனபால் வாயைத் திறந்தார். "நீங்க தகிரியமாப் போயிட்டு வாங்க மாமா. வரங்காட்டியும் இந்த ரூமையே புதுசாப் பண்ணி வெச்சறனுங்க. பீரோவத் தூக்கிட்டு, இந்தப் பழைய ஒயரு, பொட்டியெல்லாம் பிச்சு எறிஞ்சு போட்டு, எல்லாத்தையும் போனுக்கு மாத்தியுடறனுங்க."

பெட்டியைப் பிய்த்தால் ஸ்பீக்கர் வெளியே வரும். ஸ்பீக்கர் வந்தால் நான் வருவேன். அவர் ஆபரேஷன் முடிந்து, தையலோடு, மெலிந்துபோய்த் திரும்பி வரும்போது, இத்தனை காலம் தன்னை ஆண்டது ஒரு தெக்கத்திக்காரனின் கட்டைவிரல் என்று அவருக்குத் தெரியவந்தால் அந்த உடம்பு தாங்குமா? யோசித்துப் பாருங்கள். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்ததாகத்தான் நீங்கள் எழுதுவீர்கள். நான் அவருடைய நம்பிக்கையைக் காப்பாற்ற நினைத்தேன்.

தெற்கே தட்டினேன்.

முதலாளி மேசையைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் நிலைக்கு மேலே இருந்த குலதெய்வப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேண்டாங்குது" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். பெரியாத்தாள் அம்மா, "ஏனுங்க, டாக்டர் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். அவர் எழுந்து மிஷினைப் போடச் சொல்லிவிட்டார். தனபால் அவரோடு சண்டை போட்டார். நான்கூட மரியாதைக்கு, "போயிட்டு வந்துரலாமே மொதலாளி" என்றேன். "உனக்கு என்றா தெரியும்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, மேடம். தனபால் மூலனூருக்குத் திரும்பிப் போகும்வரை கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் கவுளிக்கு வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும். 'பொறுத்துப் பார்க்கலாம்' என்று சொல்ல அதற்கு வராது. அது அந்த ஏற்பாட்டில் இருந்த குறை. தம்பி கிளம்பியதும் அதே கேள்வியை முதலாளி வாயிலிருந்து மறுபடி வரவழைத்து, கிழக்கே சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தேன். தனபால் கிளம்பவில்லை. அடுத்த வாரமே முதலாளி பேக்கிங் பகுதியில், அட்டைப்பெட்டிகளின் நடுவில் சாய்ந்துவிட்டார். நான்தான் முதலில் ஓடிப் போய்த் தூக்கினேன். என் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையைக் கம்பெனியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் சாப்பிட மறுத்தார். கஞ்சி கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். மாத்திரையைத் துப்பிவிடுவார். மோட்டுவளையையே பார்த்துக்கொண்டு காதைச் சாய்த்தபடி கிடப்பார். பெரியாத்தாள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை.

மெயில் பார்க்க வசதியாக இருக்கும் என்று சொல்லி ஆபீஸ் கம்ப்யூட்டரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். கிழக்கே பரண்மேல் ஒரு பெட்டி, தெற்கு ஜன்னலுக்கு மேல் ஒரு பெட்டி. மறுநாள் அந்தம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது, வாசலில் நின்றபடி கிழக்கே தட்டினேன். முதலாளி வாயைத் திறந்தார். அந்தம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "பாருங்க, அந்தக் கவுளி இவரைத் தேடிட்டு நம்ம ஊட்டுக்கே வந்துருச்சுங்க. மனுசன் விட்டாலும் அது விடாதுங்க" என்று என்னிடம் சொல்லி அழுதார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு வேளைகூட நான் தவறியதில்லை. கஞ்சிக்கு, மாத்திரைக்கு, திருப்பிப் படுக்கவைப்பதற்கு, உடம்பு துடைப்பதற்கு. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று அந்தம்மாளே சொல்வார்கள்.

ஒரே ஒருமுறை தெற்கே தட்டியிருக்கிறேன். தனபால் அவர் இடது கைப் பெருவிரலைப் பிடித்து ஏதோ பத்திரத்தில் ரேகை வைக்க வந்த அன்று. முதலாளி கையை மூடிக்கொண்டார். அந்தக் கோபத்தில்தான் தம்பி கம்ப்யூட்டரைக் குடைந்து, வெற்று மெயில்களைக் கண்டுபிடித்து, உங்களிடம் வந்திருக்கிறார். பத்திரம் கம்பெனி நிர்வாகத்தை அவருக்கு மாற்றுவது பற்றியது. அது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய நான் யார்? கவுளி சொன்னது.

அவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். இதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. அவர் ஆபரேஷனுக்குப் போகாததற்குக் காரணம் நான்தான். என் இடத்தில் நியாயமான மனிதர் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. காலையில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். காலைக் கஞ்சி உள்ளே போயிருக்காது, ரத்த அழுத்த மாத்திரையும் போயிருக்காது. இப்போது மத்தியான வேளையும் ஆகிவிட்டது. அந்தம்மாள் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் போனைக் கொடுக்க உங்கள் சட்டம் இடம் தராது, தெரியும். அதனால் நீங்களே தட்டுங்கள். மேலே இருக்கிற முகவரிதான் கிழக்கு. அனுப்பு என்பதை ஒருமுறை தொட்டால் போதும்.

தொட்டுப் பாருங்கள், மேடம். அதற்கப்புறம் நான் ஏன் நிறுத்தவில்லை என்று என்னைக் கேட்க மாட்டீர்கள்.